"இன்சுலின் போட்டா சங்கு தானா டாக்டர்?" - ஓசூர் ரோட்டில் முடியும் ஒரு நூறாண்டுக் கதை

1/
"சார்... இன்சுலின் போட ஆரம்பிச்சா அவ்வளவுதான், சங்குதான்னு எல்லாரும் சொல்றாங்க. பன்னியிலயிருந்து எடுக்கறதாமே. அதான் நிறுத்திட்டேன்."

சொன்னவருக்கு வயது 46. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. ஆறு மாசத்தில் 11 கிலோ இளைத்திருந்தார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தார்.

2/
அன்புக்குரிய மக்களே,

அவரிடம் அன்றைக்கு ஓபி கூட்டத்தில் ரெண்டு நிமிஷம்தான் பேச முடிந்தது. பேச நினைத்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

அவர் சொன்னதில் பாதி ஒரு காலத்தில் உண்மை. மீதிப் பாதி, "சங்கு" என்கிற வார்த்தை, அவர் நினைத்த அர்த்தத்தில் தப்பு. ஆனால் இன்னொரு அர்த்தத்தில் ரொம்ப ரொம்ப சரி. அது எப்படி என்பதுதான் இந்தக் கதை.

3/
முதலில் 1889க்குப் போவோம்.

ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற ரெண்டு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அறுவை செய்து எடுத்தார்கள். நாய்க்கு சர்க்கரை நோய் வந்துவிட்டது. கணையத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது இல்லாவிட்டால் சர்க்கரை ஏறுகிறது என்று தெரிந்தது. அது என்ன என்று கண்டுபிடிக்க இன்னும் 30 வருடத்துக்கு மேல் ஆனது.

அதுவரை டைப் 1 சர்க்கரை வந்த குழந்தைகளுக்கு என்ன வைத்தியம் தெரியுமா? பட்டினி. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து எலும்பும் தோலுமாக சில மாதங்கள், சில வருடங்கள் இழுத்துப் பிடிப்பார்கள். அப்புறம் உண்மையிலேயே சங்குதான்.

4/
1921. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகம். பான்ட்டிங், பெஸ்ட் இருவரும் பேராசிரியர் மெக்லியாட்டின் ஆய்வகத்தில் நாய்களின் கணையத்திலிருந்து சாறு எடுத்தார்கள். அதைச் சுத்தப்படுத்தும் வேலைக்கு காலிப் என்ற உயிர்வேதியியலாளர் வந்து சேர்ந்தார்.

1922 ஜனவரி 11. லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. சாறு சுத்தமாக இல்லை. பலனும் போதவில்லை, ஊசி போட்ட இடமும் புண்ணானது. காலிப் ராப்பகலாக உட்கார்ந்து சுத்தப்படுத்தினார். ஜனவரி 23 அன்று மறுபடியும் ஊசி. இந்த முறை சர்க்கரை இறங்கியது. பையன் அதற்குப் பிறகு 13 வருடம் வாழ்ந்தான்.

அடுத்த வருடமே நோபல் பரிசு. காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அது எல்லாருக்கும் சேர வேண்டிய மருந்து என்பது அவர்கள் எண்ணம்.

5/
சரி, உலகத்துக்கே இன்சுலின் வேண்டும். எங்கிருந்து எடுப்பது?

இறைச்சிக்கூடங்களில் இருந்துதான். பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்தை டன் டன்னாக வாங்கி, அரைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து எடுத்தார்கள். சுமார் 3,600 கிலோ கணையம் போட்டால் அரை கிலோ இன்சுலின்கூட முழுதாகக் கிடைக்காது.

அறுபது வருடம் உலகம் இப்படித்தான் ஓடியது. "பன்னியிலயிருந்து எடுக்கறது" என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. நம் தாத்தா காலத்தில் அது பொய் இல்லை. பேச்சு மட்டும் இன்னும் நிற்கவில்லை, ஆனால் மருந்து எப்போதோ மாறிவிட்டது.

6/
மாறியது எப்படி?

பிரெட்ரிக் சாங்கர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி பத்து வருடத்துக்கும் மேல் உழைத்து, இன்சுலினில் எந்த அமினோ அமிலத்துக்குப் பிறகு எது வருகிறது என்று முழு வரிசையையும் படித்தார். மொத்தம் 51. ரெண்டு சங்கிலி, ஒன்றில் 21, இன்னொன்றில் 30. 1958இல் அவருக்கு நோபல்.

மனித இன்சுலினுக்கும் பன்றி இன்சுலினுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு அமினோ அமிலம். மாட்டுக்கு மூன்று. சின்ன வித்தியாசம்தான். ஆனாலும் சிலருக்கு அலர்ஜி வந்தது. சிலர் உடம்பு அதை எதிர்த்தது. சிலர் மனசு அதை ஏற்கவில்லை.

1969இல் டோரதி ஹாட்ஜ்கின் ஆக்ஸ்போர்டில் இன்சுலினின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டுபிடித்தார். அந்தக் குழுவில் எம். விஜயன் என்ற இந்தியரும் இருந்தார். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு வந்து புரதங்களின் வடிவத்தை ஆராயும் ஒரு தலைமுறையையே உருவாக்கியவர்.

7/
வரிசை தெரிந்துவிட்டது. வடிவம் தெரிந்துவிட்டது. அப்படியானால் பன்றியை விட்டுவிட்டு ஒரு பாக்டீரியாவையே மனித இன்சுலின் செய்யச் சொல்ல முடியாதா?

இங்கேதான் கதையின் மையத்துக்கு வருகிறோம். நம்ம ஊர் ஆட்களுக்கு இது ஈசி. ஏனென்றால் நமக்குத் தொழிற்சாலை தெரியும்.

உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு ஃபேக்டரி. டிஎன்ஏ என்பது ஆபீஸ் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் மாஸ்டர் டிராயிங். அதை யாரும் வெளியே எடுத்துப் போக மாட்டார்கள். ஒரு காப்பி எடுத்து ஷாப் ஃப்ளோருக்கு அனுப்புவார்கள். அந்தக் காப்பிதான் தூது ஆர்என்ஏ. நம்ம பாஷையில் ஜாப் கார்டு. அதைப் படித்து புரதம் செய்யும் மெஷின்தான் ரைபோசோம்.

8/
பாக்டீரியா மெஷினும் மனித மெஷினும் ஜாப் கார்டில் உள்ள எழுத்துகளைப் படிக்கும் விதம் ஒன்றேதான். அகராதி ஒன்றுதான். ரெண்டிலும் வேலை "ஏயூஜி" என்ற மூன்றெழுத்தில்தான் வழக்கமாகத் தொடங்கும். ரெண்டிலும் முதல் செங்கல் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம்.

பாக்டீரியாவில் அந்த முதல் செங்கலைத் தூக்கி வரும் தனி ஆள் ஒருவர் இருக்கிறார் என்று 1964இல் கண்டுபிடித்தது யார் தெரியுமா? மார்க்கர் என்பவரும், அதே சாங்கரும்தான்! இன்சுலினைப் படித்து முடித்த மனுஷன், புரதம் எப்படித் தொடங்குகிறது என்பதிலும் கை வைத்திருந்தார்.

9/
அப்புறம் என்ன பிரச்சினை? கேட் பாஸ்தான் பிரச்சினை.

ஓசூர் பிளான்ட்டில் வேலை பார்ப்பவர் அதே ஐடி கார்டோடு பொம்மசந்திரா பிளான்ட்டுக்குப் போனால் உள்ளே விடுவார்களா? உள்ளே இருக்கும் மெஷின் ஒன்றுதான், வேலையும் அவருக்குத் தெரியும். ஆனால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பாக்டீரியா மெஷின் ஜாப் கார்டை எடுக்க வேண்டுமானால், தொடக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குட்டி எழுத்துவரிசை இருக்க வேண்டும். 1974இல் ஆஸ்திரேலியாவில் ஜான் ஷைன், லின் டால்கார்னோ இருவரும் அதைக் கண்டுபிடித்தார்கள். நம் செல்களில் அது கிடையாது. நம் ஜாப் கார்டுகளின் தலையில் ஒரு முத்திரை இருக்கும். அதற்கு "தொப்பி" என்று பெயர். 1970களின் நடுவில்தான் அது தெரியவந்தது.

ஆக, மனித மரபணுவை அப்படியே தூக்கி பாக்டீரியாவுக்குள் போட்டால் ஒன்றும் நடக்காது. பாக்டீரியாவின் கேட் பாஸை முன்னால் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

10/
இப்போது 1978. இந்த வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ரெண்டு தடவை வரும்.

மூன்று குழுக்கள் போட்டியில் இருந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு 1977லேயே எலியின் இன்சுலின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கியது. அதில் மேலே சொன்ன ஜான் ஷைனும் ஒருவர்!

ஹார்வர்டின் வால்டர் கில்பர்ட் குழு மனித மரபணுவைத் தொட ஆசைப்பட்டது. அமெரிக்காவில் அப்போது கடும் கட்டுப்பாடு. பயம் அப்படி. அதனால் இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் என்ற, உயிரியல் ஆயுத ஆராய்ச்சிக்குப் பேர்போன இடத்துக்குப் போய், பாதுகாப்பு உடை மாட்டி வேலை செய்தார்கள். கடைசியில் கிடைத்தது மனித மரபணு இல்லை. கலப்படமாகிப் போன எலி மரபணு. பாவம்.

11/
ஜெயித்தது, ஆரம்பித்து ரெண்டே வருடமான ஜெனென்டெக் என்ற குட்டிக் கம்பெனியும் அதன் கூட்டாளியான சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ ஆய்வு மையமும். அவர்கள் மனித செல்லைத் தொடவே இல்லை. சாங்கர் படித்த வரிசையைப் பார்த்து, அதற்கான டிஎன்ஏவை வேதிப்பொருளிலிருந்து எழுத்து எழுத்தாகத் தாங்களே கோர்த்தார்கள். அதனால் கட்டுப்பாடும் அவர்களைத் தடுக்கவில்லை.

கேட் பாஸுக்கு என்ன செய்தார்கள்? ஈ.கோலி பாக்டீரியா தன் சொந்தத் தேவைக்குச் செய்யும் ஒரு பெரிய புரதத்தின் வாலில் இன்சுலின் சங்கிலியை ஒட்டிவிட்டார்கள். பாக்டீரியா தன் வேலை என்று நினைத்துத் தொடங்கியது. முடிவில் நம் இன்சுலினையும் சேர்த்துச் செய்தது.

பிறகு ஒட்டிய இடத்தில் வெட்ட வேண்டும். அங்கே அவர்கள் வைத்த அடையாளம் ஒரு மெத்தியோனின். மெத்தியோனின் இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டும் ஒரு வேதிப்பொருள் உண்டு. மனித இன்சுலினின் 51 அமினோ அமிலங்களில் ஒரு மெத்தியோனின்கூடக் கிடையாது. அதனால் வெட்டு சரியாக ஒட்டில் மட்டும் விழுந்தது. என்ன மூளை பாருங்கள்!

12/
1978 செப்டம்பர் 6. பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். 1982இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. மரபணு மாற்றிய உயிரி செய்து மனிதனுக்கு ஊசியாகப் போன முதல் மருந்து அதுதான்.

பன்றிக்கும் மாட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடுதலை. நம் கணையம் சுரப்பதற்கும் அந்தக் குப்பியில் இருப்பதற்கும் ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்லை.

13/
இரண்டாவது 1978.

அதே வருடம், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இன்னொரு ஆய்வகம். நாஹும் சோனன்பர்க் என்ற இளைஞர். ஜெர்மனியில் ஒரு அகதி முகாமில் பிறந்து, இஸ்ரேலில் வளர்ந்தவர். அவர் கேட்ட கேள்வி: நம் ஜாப் கார்டின் தலையில் தொப்பி முத்திரை இருக்கிறது, சரி. அதைப் பார்த்து உள்ளே விடும் செக்யூரிட்டி யார்?

தொப்பியை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்னப் புரதத்தை அவரும் உடனிருந்தவர்களும் கண்டுபிடித்தார்கள். இன்று அதன் பெயர் இஐஎஃப்4இ. மனிதரில் 217 அமினோ அமிலம்தான். வேலை மட்டும் பெரிசு. முத்திரையைப் பிடித்து, மற்ற தொடக்கப் புரதங்களைக் கூப்பிட்டு, ரைபோசோமைக் கொண்டுவந்து நிறுத்துவது. அப்புறம் மெஷின் கார்டின் தலையிலிருந்து ஏயூஜி வரை நகர்ந்து தேடும் என்று மேரிலின் கோஸாக் சொன்னதும் அதே 1978இல்தான்.

14/
இந்த செக்யூரிட்டி கட்டுக்குள் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

1990இல் சோனன்பர்க் குழு ஒரு சோதனை செய்தது. சாதாரண செல்களில் இஐஎஃப்4இ-யை மட்டும் அளவுக்கு மேல் கூட்டினார்கள். செல்கள் புற்றுநோய் செல்களாக மாறின. கண்ட கார்டையும் உள்ளே விடும் கேட், மூச்சு விடாமல் ஓடும் ஃபேக்டரி. அதனால்தான் இன்று புற்றுநோய் ஆராய்ச்சியில் இந்தப் புரதத்துக்குத் தனி மரியாதை.

அப்படியானால் நல்ல உடம்பில் இதைக் கட்டுக்குள் வைப்பது யார்?

15/
கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கும் இன்னொரு புரதம் இருக்கிறது. அது விட்டால்தான் செக்யூரிட்டி எழுந்து கேட்டைத் திறக்க முடியும்.

எப்போது விடும்? 1994இல் பதில் வந்தது. இன்சுலின் வந்து சொன்னால் விடும்.

சாப்பிடுகிறோம். இன்சுலின் சுரக்கிறது. செல்லின் வெளிச் சுவரில் தட்டுகிறது. உள்ளே தகவல் கைமாறிக் கைமாறிப் போகிறது. கையைப் பிடித்திருந்த புரதம் விலகுகிறது. இஐஎஃப்4இ எழுந்து வேலையைத் தொடங்குகிறது. "சரக்கு வந்தாச்சு, கரன்ட் வந்தாச்சு, ஷிப்ட் ஆரம்பிங்க!"

16/
இப்போது புரிகிறதா மக்களே?

இன்சுலின் சங்குதான். ஆனால் சாவுச் சங்கு இல்லை. ஷிப்ட் சங்கு.

சிப்காட் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் சங்கு ஊதினால் ஊரே நகரும். கம்பெனி பஸ், டூவீலர், சைக்கிள், டிபன் பாக்ஸ். ஊதாத நாளில் உள்ளே மெஷின் இருக்கும், ஆள் இருக்கும், இரும்பு இருக்கும். உற்பத்தி மட்டும் இருக்காது.

"இன்சுலின் என்றால் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து" என்று மட்டும் நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அது அதன் ஒரு வேலை. உடம்பைக் கட்டு, உடைக்காதே என்று சொல்வதும் அதன் வேலை.

17/
பெல்ட்டில் மூன்று ஓட்டை போட்டவர் கதை இதுதான். இன்சுலின் போதாமல் போனதும் ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிந்தது. செல்லுக்குள் போகவில்லை. சிறுநீரில் போனது. உடம்பு பட்டினி என்று நினைத்து, தன் தசையையும் கொழுப்பையும் தானே உடைத்துத் தின்ன ஆரம்பித்தது. உடைப்பது கூடியது, கட்டுவது குறைந்தது. 11 கிலோ போனது அப்படித்தான்.

அவர் நினைத்தது, இன்சுலின் போட்டதால்தான் இளைத்தோம் என்று. நடந்தது நேர் எதிர். நிறுத்தியதால் இளைத்தார்.

18/
இன்னொரு சுவாரசியம். இந்த மனித இஐஎஃப்4இ-யையும் இன்று குப்பியில் வாங்கலாம்! மருந்தாக இல்லை. ஆய்வகச் சரக்காக. லேபிளிலேயே "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று போட்டிருக்கும். மைக்ரோகிராம் கணக்கில்தான் வரும். மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்துப் பாதுகாப்பார்கள்.

எதற்கு? புற்றுநோய் மருந்து தேடுபவர்கள், தங்கள் மூலக்கூறு இந்த செக்யூரிட்டியின் கையைப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு சுத்தமான மனிதப் புரதம் வேண்டும். மனித உடம்பிலிருந்து எவ்வளவுதான் எடுப்பது? அதனால் 1978இல் இன்சுலினுக்குச் செய்த அதே வேலைதான் இதற்கும். மனித மரபணுவுக்கு முன்னால் பாக்டீரியாவின் கேட் பாஸை ஒட்டி ஈ.கோலிக்குள் அனுப்புவார்கள்.

யோசித்துப் பாருங்கள். மனித ஃபேக்டரியின் கேட் காவலரை, தன் சொந்தக் கேட்டில் அப்படி ஒரு காவலரே இல்லாத பாக்டீரியா செய்து தருகிறது.

19/
மூன்றாவது 1978. இப்போது நம்ம பக்கம் வருவோம்.

அதே வருடம் பெங்களூரில் கிரண் மஜும்தார் என்ற இளம்பெண். பீர் தயாரிக்கும் படிப்பை ஆஸ்திரேலியாவில் முடித்துவிட்டு வந்தவர். அந்தத் தொழிலில் பெண்ணுக்கு இங்கே யாரும் பொறுப்பான வேலை தரவில்லை. ஒரு வாடகை வீட்டின் கார் ஷெட்டில், 10,000 ரூபாய் முதலில், ஒரு அயர்லாந்துக் கம்பெனியோடு சேர்ந்து பயோகானைத் தொடங்கினார். முதல் சரக்கு என்ன? பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெய்ன் என்ற நொதியும், மீனின் காற்றுப் பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளும். ரெண்டும் பீரைத் தெளியவைக்க உதவுபவை.

அமெரிக்காவில் பாக்டீரியா இன்சுலின் செய்த வருடத்தில், இங்கே பப்பாளிப் பாலில் இருந்துதான் ஆரம்பித்தோம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நொதி செய்யக் கற்றவர்களுக்குத்தான் பிறகு புரதம் செய்ய வந்தது.

20/
ஓசூரிலிருந்து பெங்களூரு பஸ் ஏறுங்கள். ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளியில் போர்டெல்லாம் கன்னடத்துக்கு மாறும். சந்தாபுரா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி. டிராஃபிக் இல்லாவிட்டால் அரை மணி, முக்கால் மணி. பயோகானின் முகவரியிலேயே "20ஆவது கிலோமீட்டர், ஓசூர் ரோடு" என்று நம்ம ஊர் பெயர் இருக்கும்.

2004இல் அவர்களின் மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது. அதே 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. எங்கள் மாவட்டத்துக்கும் எல்லைக்கு அந்தப் பக்கத்து இன்சுலினுக்கும் ஒரே வயது!

21/
அவர்கள் பாக்டீரியாவுக்குப் பதில் பிக்கியா என்ற ஈஸ்ட்டைப் பிடித்தார்கள். ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டின் தூரத்துச் சொந்தம். ஈஸ்ட்டின் கேட் நம்முடையதைப் போன்றதே. அதற்கும் தொப்பி உண்டு, தொப்பியைப் பிடிக்கும் செக்யூரிட்டி உண்டு. 1989இல் ரொட்டி ஈஸ்ட்டில் அதன் சொந்த செக்யூரிட்டியை எடுத்துவிட்டு, பாலூட்டியின் இஐஎஃப்4இ-யை வைத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட் பாட்டுக்கு உயிரோடு வளர்ந்தது. அவ்வளவு நெருங்கிய உறவு.

இந்தியாவில் இவர்கள் மட்டும் இல்லை. 1997லேயே ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதே தொழில்நுட்பத்தில் மஞ்சள் காமாலை (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி செய்தது. 2003இல் வொக்கார்ட் இன்சுலின் கொண்டுவந்தது. இறக்குமதியை மட்டும் நம்பியிருந்த நிலை அதோடு மாறியது.

(இது எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் இல்லை. உங்களுக்கு எந்தப் பெயர் இன்சுலின் கிடைத்தாலும், டாக்டர் சொன்ன வகையும் அளவும் சரியாக இருந்தால் போதும்.)

22/
கம்பெனி கேட்டைத் தாண்டி மருந்து ஏழை வீட்டுக்கு வர வேண்டுமே? அதற்கும் வரலாறு இருக்கிறது.

1994இல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலத்துக்கே மொத்தமாக மருந்து வாங்கி, தரம் பார்த்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் அமைப்பு. இன்றைக்கு உங்கள் கையில் இன்சுலின் இலவசமாக வருவது அந்த வழியில்தான்.

2021 ஆகஸ்ட் 5. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் முதன்முதலில் தொடங்கிய இடம் எது? நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீடு தேடிப் போய்க் கொடுக்கும் திட்டம்.

டொராண்டோவில் ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் நினைத்தது இதைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

23/
இனி, ஓபியில் தினமும் கேட்கும் கேள்விகள்.

"பன்னி இன்சுலினா சார்?" இல்லை. இன்று நாங்கள் போடும் மனித இன்சுலினை பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ செய்கிறது.

"ஒரு தடவை போட்டா விடவே முடியாதாமே?" இன்சுலின் போதைப்பொருள் இல்லை. டைப் 1 குழந்தைகளுக்குக் கணையம் சுரப்பதில்லை, அதனால் அவர்களுக்கு வாழ்நாள் முழுக்கத் தேவை. ஒரு வேளைகூட சொந்த முடிவில் நிறுத்தக் கூடாது. டைப் 2 உள்ளவர்களில் சிலர், சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் மாத்திரைக்கே திரும்பலாம். அதை டாக்டர் முடிவு செய்ய வேண்டும், பக்கத்து வீட்டு அண்ணன் இல்லை.

"இன்சுலின் போட்டதும் என் மாமா கால் போச்சு." கால் போனது இன்சுலினால் இல்லை. பல வருடம் சர்க்கரை ஏறிக் கிடந்ததால். பல பேருக்கு இன்சுலின் கடைசியில்தான் கொடுக்கப்படுகிறது, பழி அதன் மேல் விழுகிறது.

24/
முக்கியமான மூன்று விஷயம். தயவுசெய்து படியுங்கள்.

ஒன்று. நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா இன்சுலின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40 குப்பிக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச்தான். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100க்கு. மாற்றிப் போட்டால் அளவு ரெண்டரை மடங்கு கூடலாம், அல்லது குறையலாம். மெடிக்கலில் வாங்கும்போது மூடியைப் பாருங்கள்.

ரெண்டு. ஃப்ரிட்ஜில் கீழ்த் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். ஃப்ரிட்ஜ் இல்லையா? ஈர மணலில் வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாமல் டப்பாவில் போட்டு வையுங்கள்.

மூன்று. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஷிப்டுக்கு ஓடாதீர்கள். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். பிறகு சாப்பிடுங்கள். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

25/
அந்த அண்ணனுக்கு அன்றைக்கு இவ்வளவும் சொல்லவில்லை. நேரம் இல்லை, அவருக்குப் பின்னால் நூறு பேர் நின்றார்கள். ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"அண்ணே, சங்குதான். ஆனா இது உங்க கம்பெனி சங்கு. ஊதுனாத்தான் உள்ள வேலை நடக்கும். நீங்க ஊதவிடாம வச்சிருக்கீங்க."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. கூட வந்திருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். "அப்போ நான் காலையில ஊதிவிடறேன் சார்" என்றார் அந்த அம்மா. அன்றையிலிருந்து ஊசி போடுவது அவர்தான்.

26/
நாலு மாசம் கழித்து வந்தார். சர்க்கரை முழுதாகக் கட்டுக்குள் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெறும் வயிற்றில் 150 பக்கம். இன்னும் வேலை இருக்கிறது. ஆனால் எடை 6 கிலோ ஏறியிருந்தது.

பெல்ட்டைக் காட்டினார். ஆணியால் போட்ட மூன்று ஓட்டையில் ரெண்டைத் தாண்டிப் பழைய இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது இன்சுலினுக்குப் பயந்து நிறுத்தியிருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள். முடிந்தால் நாளைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

சங்கு ஊதட்டும். ஷிப்ட் ஓடட்டும்.